பழவங்காடித் தேங்காயும் போக்குவரத்துக் கணிதமும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழர்க்குப் பழவங்காடி புதிதன்று. கிழக்கேகோட்டையை அடுத்த கணபதி சந்நிதியில் தேங்காய் உடைபடும் ஓசையைக் கேளாதார் இலர். அத் தேங்காயைக் கொண்டே இன்று ஒரு கணிதத்தைக் காண்போம்.

இரண்டு கிடங்குகளில் நூறு நூறு தேங்காய்கள் இருப்பதாகக் கொள்வோம். சந்நிதிக்கு எதிரேயுள்ள கடைக்கு 100 காய்களும், சாலைக் கடைத்தெருவிலுள்ள மற்றொரு கடைக்கு 100 காய்களும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கிடங்கிலிருந்தும் அருகிலுள்ள கடைக்குக் காய் ஒன்றுக்குக் கூலி 1 ரூபாய். தொலைவிலுள்ளதற்கு 2 ரூபாய். அருகிலுள்ள கடைக்கே முழுதும் அனுப்பினால் 200 ரூபாயில் வேலை முடியும்.

முதற் கிடங்கிலிருந்து சந்நிதிக் கடைக்கு எத்தனை காய் என்று கூறிவிட்டால் மற்றவை தாமே அமையும். ஆகவே, திட்டங்கள் அனைத்தும் 0 முதல் 100 வரை நீளும் ஒரு கோட்டுத்துண்டின் புள்ளிகளாம். கிடங்குகளும் கடைகளும் பெருகினால், அக் கோடு பல முனைகளுடைய பட்டை தீட்டிய மணி போன்ற வடிவமாகும். சிக்கனமான திட்டம் எப்போதும் ஒரு முனையில் கிடைக்கும். மண்ணை இடம் மாற்றும் செலவைக் குறைப்பதற்காக 1781இல் இக் கணக்கைத் தொடங்கியவர் பிரெஞ்சு அறிஞர் மோஞ்சு. 1942இல் அதற்குப் புதிய உருக் கொடுத்தவர் சோவியத் நாட்டுக் கன்டோரோவிச்.

ஆனால் முனையில் நிற்பதில் ஓர் இடர் உண்டு. ஆற்றுக்கால் பொங்காலை நாளில் தெருவெங்கும் அடுப்புகள் நிறைய, முதற் கிடங்கிலிருந்து சந்நிதிக் கடைக்கு ஆகும் கூலி மட்டும் உயர்வதாகக் கொள்வோம். அது 2 ரூபாய் 90 காசாக இருக்கும்வரை பழைய திட்டமே சிறந்தது. 3 ரூபாய் 10 காசானால், 200 காய்களும் வழி மாற வேண்டும்! இருபது காசுக்காகத் திட்டம் முழுதும் தலைகீழாவது நன்றோ?

இதற்கு மருந்தாகச் செலவோடு மற்றொன்றையும் கணக்கிற் சேர்ப்பர்: ஒரே வழியிற் குவியாது பல வழிகளிற் பரவியிருப்பதற்கு ஒரு மதிப்பு. இதுவே சீராக்கல். அம் மதிப்பின் அளவு 1 ஆயின், சாதாரண நாளில் ஒவ்வொரு கிடங்கிலிருந்தும் 73 காய் அருகிலும் 27 காய் தொலைவிலும் செல்லும். கூலி 254 ரூபாய். அளவை 0.5 ஆக்கினால் 88, 12, 0.2 ஆக்கினால் 99, 1. அளவு குறையக் குறையப் புள்ளி உள்ளிருந்து முனையை நோக்கி நகர்கிறது. அளவு 1இல் நின்றால், பொங்காலை நாளின் அந்த இருபது காசு மாற்றத்துக்கு முதற் கிடங்கின் காய்கள் 51இலிருந்து 49ஆக மட்டுமே மாறும். செலவிற் சிறிது விட்டுக்கொடுத்து நிலைத்தன்மை பெறுகிறோம்.

விரைவும் கிடைக்கிறது. அட்டவணையின் வரிசைகளையும் நிரல்களையும் மாறி மாறிச் சரிசெய்தால் விடை நெருங்கிவரும் என்பதை 1964இல் சிங்கார்ன் ஆராய்ந்தார். 2013இல் குட்டூரி அம் முறையைப் போக்குவரத்துக் கணக்குக்குப் பயன்படுத்திக் கணிப்பொறியின் வேலையை மிக எளிதாக்கினார்.

இங்கே ஒரு தமிழரின் பெயரும் வருகிறது. சென்னையில் 1940இல் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் பயின்று, நியூயார்க் சென்றவர் எஸ். ஆர். எஸ். வரதன். ஒரு புள்ளியில் வைத்த வெப்பம் மிகக் குறுகிய நேரத்தில் மற்றொரு புள்ளிக்கு எவ்வளவு பரவுகிறது என்று அளந்தால், அவற்றிடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளத்தை அறியலாம் என்பதை அவர் 1967இல் நிறுவினார். வளைந்த பரப்புகளில் சீராக்கிய போக்குவரத்தை வெப்பப் பரவல் கொண்டு கணிக்க, 2015இல் ஆய்வாளர் இவ்வுண்மையையே துணைக்கொண்டனர். வரதனுக்கு 2007இல் ஆபெல் பரிசு கிடைத்தது.

பரவலும் சிக்கனமும் பகையல்ல; பரவலை மெல்ல மெல்லக் குறைத்தால் சிக்கனமான வழி தானே புலப்படும். இனிப் பழவங்காடியில் தேங்காய்க் கூடைகள் கடந்து செல்லக் கண்டால், இக் கணிதத்தையும் ஒருகணம் நினைவு கொள்ளுங்கள்.