ஊருக்கு ஒரு வானொலி: எங்கே கற்பது?

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் நெல்லுக்குரிய பருவங்கள். கன்னடியன் காலில் தண்ணீர் என்று வரும், பக்கத்து வயலில் புகையான் தென்பட்டதா என்பவை உடனே தெரிந்தால்தான் பயிரைக் காக்க முடியும். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 முதல் இயங்கி வந்தாலும், ஒவ்வோர் ஊரின் செய்தியையும் அது சொல்ல இயலாது. "சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றை நாமே வாங்கி வைக்கலாமா?" என்று உழவர்கள் கேட்பது இதனால்தான்.

உரிமமின்றி வேண்டாம்

உரிமமில்லாத ஒலிபரப்பு குற்றமாகும். பண்பலை வரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு அடுத்த அலைவரிசைகள் விமானப் போக்குவரத்துக்கு உரியவை. சரியாக அமைக்கப்படாத கருவி அவற்றில் குறுக்கிடக்கூடும். 2002-இல் ஆந்திராவின் ஓர்வக்கல்லில் மகளிர் குழுவினர் தொடங்கிய 'மன ரேடியோ', உரிமமில்லாததால் சில மாதங்களில் நிறுத்தப்பட்டது.

சட்டப்படியான வழி

2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006-இல் விதிகள் தளர்ந்தன. வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பதிவு பெற்று மூன்றாண்டு ஆன இலாப நோக்கற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். தனி நபருக்கு உரிமம் இல்லை. 100 வாட் திறனும் 30 மீட்டர் உயரக் கம்பமும் இருந்தால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரை கேட்கும். 2008-இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் உழவர் பெண்கள் இவ்வழியில் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினர்.

கற்க உதவுபவை

1. மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள். இவற்றை முதலில் படிக்க வேண்டும்.

2. யுனெஸ்கோ 2001-இல் வெளியிட்ட சமுதாய வானொலிக் கையேடு. ஆங்கிலத்தில் உள்ளது, ஊர் ஆசிரியர் ஒருவர் படித்து விளக்கலாம்.

3. புதுதில்லியிலுள்ள காமன்வெல்த் கல்வி ஊடக மையத்தின் வெளியீடுகள்.

4. இயங்கும் நிலையம் ஒன்றை, முன்அனுமதி பெற்று நேரில் காணுதல்.

கருவியின்றியே தொடங்கலாம்

2003-இல் கர்நாடகத்தின் பூதிகோட்டையில் கிராம மக்கள் தயாரித்த நிகழ்ச்சிகள் கேபிள் வழியே வீடுகளுக்குச் சென்றன. நாமும் பருவந்தோறும் அனுபவமிக்க உழவர் ஒருவரை, நாற்றங்கால் பற்றியோ நீர்ப் பங்கீடு பற்றியோ பத்து நிமிடம் பேசச் செய்து கைபேசியில் பதிவு செய்யலாம். உழவர் மன்றக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டி, புரியாத இடங்களைக் கேட்டுத் திருத்தலாம். ஓராண்டு இவ்வாறு பழகிய குழு, உரிமத்திற்காக அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகும்போது, கையில் நிகழ்ச்சிகளும் நிகழ்ச்சி நடத்தத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.