கடையை மாற்றுகிறோம், கணக்காய்! இணையக் கடையை மாற்றும்போது?

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரத்து முந்திரிப் பருப்பை வாங்க ஒரு காலத்தில் வியாபாரி நேரில் வர வேண்டும், அல்லது தபாலில் ஆர்டர் அனுப்ப வேண்டும். இன்று சென்னையிலோ கோவையிலோ இருக்கும் குடும்பத் தலைவி கைப்பேசியில் விலையைப் பார்த்து, பணத்தையும் கட்டிவிட்டு, கூரியரில் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். நம் வணிகர்களில் சிலர் இதற்கெனத் தனியே இணையதளம் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களும் வைக்கும் எண்ணத்தில் இருக்கிறார்கள்.

இணையதளம் தொடங்குவது பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. தொடங்கிய தளத்தை மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்கும்போதோ, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதோ என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் குறைவு. நம்மவர்கள் அடிபடுவது அங்கேதான். ஆகவே அதைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அடித்தளமும் மேல்தளமும்

இணையக் கடை என்பது ஒரே ஒரு மென்பொருள் அல்ல. அடியில் சர்வர். அதன்மேல் பி.எச்.பி. போன்ற ஒரு கணினி மொழி. பக்கத்தில், பொருள் பட்டியலையும் ஆர்டர்களையும் சேமித்து வைக்கும் மை எஸ்.கியூ.எல். அல்லது மரியா டி.பி. என்ற தரவுத்தளம். இவற்றின்மேல் வேர்ட்பிரஸ், ஓபன்கார்ட், மெஜந்தோ போன்ற கடை மென்பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக எக்ஸ்டென்ஷன் அல்லது பிளகின் எனப்படும் இணைப்புகள். பணம் வாங்க ஒன்று, கூரியர் கட்டணம் போட ஒன்று, ஜி.எஸ்.டி. பில் அடிக்க ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று என்று ஒரு சாதாரணக் கடைக்கே பத்துப் பன்னிரண்டு இணைப்புகள் சேர்ந்துவிடும்.

மாவு மில் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரைப் பெயர்த்துக்கொண்டு போய், ஒருமுனை இணைப்பு மட்டுமே உள்ள இடத்தில் வைத்தால் ஓடுமா? மோட்டாரிலும் கோளாறு இல்லை, மின்சாரத்திலும் கோளாறு இல்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு இணைப்பும் தனக்கு இன்ன பி.எச்.பி. வேண்டும், இன்ன தரவுத்தளம் வேண்டும், இவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கேட்கும். புதிய இடத்தில் அவை இல்லாவிட்டால் திரை வெள்ளையாக நிற்கும்.

ஆண்டுக் கணக்கு

பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தபின் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தருவார் இல்லை. 5.6 பதிப்புக்கு 2018 டிசம்பர் 31-ஆம் தேதியும், 7.4 பதிப்புக்கு 2022 நவம்பர் 28-ஆம் தேதியும், 8.0 பதிப்புக்கு 2023 நவம்பர் 26-ஆம் தேதியும் ஆயுள் முடிந்தது. பல சர்வர்களில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்திற்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு நின்றது. மை எஸ்.கியூ.எல். 5.7 பதிப்புக்கு 2023 அக்டோபருடன் நின்றது.

அப்படியானால் சர்வரைப் புதுப்பித்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். 2015 டிசம்பரில் பி.எச்.பி. 7 வந்தபோது, தரவுத்தளத்தோடு பேசப் பழைய மென்பொருள்கள் பயன்படுத்திய கட்டளைத் தொகுதி ஒன்று அடியோடு நீக்கப்பட்டது. 2017-இல் வந்த 7.2 பதிப்பில், ரகசியக் குறியீட்டுக்கான எம்கிரிப்ட் நீக்கப்பட்டது. 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்பில், முன்பு வெறும் எச்சரிக்கையோடு விட்ட பல தவறுகள் தளத்தையே நிறுத்திவிடும் பிழைகளாக ஆயின. பழைய இணைப்பைப் புதிய சர்வரில் வைத்தால் ஓடாது. பழைய சர்வரிலேயே விட்டால் பாதுகாப்பு இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேர்ட்பிரஸ் 2024 ஜூலையில் வெளியிட்ட 6.6 பதிப்பு, 7.2.24-க்குக் குறைந்த பி.எச்.பி. உள்ள சர்வரில் ஏறாது. கடை மென்பொருளை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றால் சர்வர் விடாது. சர்வரை மட்டும் மாற்றலாம் என்றால் இணைப்பு விடாது. மூன்றையும் ஒன்றாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தள்ளிப்போட்டவர்கள் பட்ட பாடு

"ஓடுகிறவரை ஓடட்டும்" என்று நம்மில் பலர் நினைப்பது இயல்பு. மெஜந்தோ என்ற கடை மென்பொருளின் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30-ஆம் தேதியுடன் ஆதரவு நின்றது. இரண்டாம் பதிப்புக்கு மாற வேண்டுமானால் பழைய இணைப்புகள் எதுவும் உதவாது. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும், சர்வரையும் பெரிதாக்க வேண்டும். செலவுக்கு அஞ்சி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் மாறாமலே இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில், பழைய பதிப்பில் ஓடிய ஏறத்தாழ 2,000 கடைகளில் திருட்டு நிரல் நுழைக்கப்பட்டது. வாடிக்கையாளர் அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யும்போதே அது திருடர்கள் கைக்குப் போயிற்று. ஆதரவு நின்று மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டிலும் விதிகள் கடுமையாகிவிட்டன. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2022 அக்டோபர் 1 முதல் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலான டோக்கன் முறைதான். அட்டை விவரங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பழைய இணைப்பு ஒன்று உங்கள் தளத்தில் இருந்தால், அது ஓடினாலும் சட்டத்திற்கு ஆகாது.

வரி மாறினால் இணைப்பும் மாற வேண்டும்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 12, 28 சதவிகித அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவிகிதங்களுக்கு வந்தன. சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கும், நெய் 12-லிருந்து 5-க்கும் இறங்கின. கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3-ஆம் தேதி. இடையில் கிடைத்தது மூன்று வாரத்திற்கும் குறைவு.

கல்லாவில் உள்ள பில்லிங் கணினியில் மாற்றிய கையோடு இணையக் கடையிலும் மாற்றியிருக்க வேண்டும். வரி இணைப்பு புதியதாக இருந்தால் பத்து நிமிட வேலை. விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிப் பூட்டிய பழைய இணைப்பாக இருந்தால், அதைப் புதுப்பிக்க வேண்டும். புதிய பதிப்பு உங்கள் சர்வரில் இல்லாத பி.எச்.பி.யைக் கேட்டால், மூன்று வாரத்தில் சர்வரையே மாற்ற வேண்டும். தீபாவளி வியாபாரம் தலைக்குமேல் நிற்கிற நேரத்தில் இந்த வேலை தேவையா என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில் சோம்பியிருந்ததன் விலையை நெருக்கடி நாளில் கொடுக்கிறோம்.

தமிழ் எழுத்துக்கு வரும் சோதனை

நம் கடைகளுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பழைய தளங்களில் பொருள் பெயர்களைத் தமிழில் போட்டவர்கள், புதிய சர்வருக்கு வந்ததும் பட்டியல் முழுதும் கேள்விக்குறிகளாக நிற்பதைக் காணலாம். ஆங்கில எழுத்துக்கு மட்டும் அமைத்த தரவுத்தளத்தில் தமிழைக் கொட்டினால் இப்படித்தான் ஆகும். 2010-இல் வந்த ரூபாய்க் குறியீட்டுக்கும் இதே கதிதான்.

காரணம் எளிது. 'முந்திரி' என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் கணினிக்கு அது 8 குறிகள், சேமிக்க 24 பைட்டுகள். ஆகவே புதிய தரவுத்தளம் யு.டி.எப். 8 எம்.பி. 4 என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். பழையதிலிருந்து எடுக்கும் நகலும் அதே முறையில் எடுக்கப்பட வேண்டும். சர்வரில் எம்.பி. ஸ்ட்ரிங் என்ற துணைத் தொகுதியும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீளமான பெயரை நடு எழுத்தில் வெட்டிவிடும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் செய்த தளமானால், முதலில் எழுத்துகளை மாற்றிக்கொண்டுதான் மற்ற வேலை. கேள்விக்குறியாகிவிட்ட பெயர்களைப் பிறகு மீட்க முடியாது. ஆயிரம் பொருள்களையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

குறுஞ்செய்தியிலும் இந்தக் கணக்கு வரும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70 மட்டுமே. செய்தி நீண்டால் இரண்டு மூன்றாகக் கட்டணம் ஏறும்.

மாற்றும்முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடமோ நிறுவனத்திடமோ கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

1. இப்போது ஓடும் பி.எச்.பி., தரவுத்தளம், கடை மென்பொருள் ஆகியவற்றின் பதிப்பு எண்கள் என்ன? புதிய இடத்தில் என்னவாக இருக்கும்?

2. இணைப்புகள் மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றும் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்பு எது? செய்தவர் இன்னும் அதைப் புதுப்பித்து வருகிறாரா, கைவிட்டுவிட்டாரா?

3. கர்ல், ஜி.டி., சிப், ஓபன் எஸ்.எஸ்.எல். போன்ற துணைத் தொகுதிகள் புதிய சர்வரில் உண்டா? படம் சிறிதாக்க ஒன்று, வங்கியோடு பேச ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

4. பூட்டிய நிரலாக விற்கப்பட்ட இணைப்புகள் உண்டா? அயன்கியூப் போன்ற பூட்டுக்குப் பொருந்தும் திறப்பான் புதிய சர்வரில் இருக்கிறதா? உரிமம் டொமைன் பெயருக்கா, சர்வருக்கா?

5. பணம் பெறும் நிறுவனத்திடம் பழைய சர்வரின் முகவரியைப் பதிந்து வைத்திருக்கிறோமா? அப்படியானால் புதிய முகவரியையும் முன்கூட்டியே பதிய வேண்டும். இல்லையேல் வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விடும், நம் தளத்தில் 'நிலுவை' என்றே நிற்கும். இதனால் வருகிற மனத்தாங்கல் சாதாரணமல்ல.

6. குறித்த நேரத்தில் தானே நடக்கும் வேலைகள், அதாவது சரக்கு இருப்புக் கணக்கு, தினசரி நகல், ஆர்டர் தகவல் ஆகியவை புதிய சர்வரிலும் அமைக்கப்பட்டுவிட்டனவா?

மாற்றும் முறை

முதலில் முழு நகல். கோப்புகள் தனியாக, தரவுத்தளம் தனியாக எடுத்து, ஒரு பிரதியை நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, வாடிக்கையாளர் பார்க்காத சோதனை முகவரியில் புதிய தளத்தை ஏற்றி, ஒரு கிலோ பருப்பை நாமே ஆர்டர் செய்து, பணம் கட்டி, பில் வாங்கி, ரத்தும் செய்து பார்க்க வேண்டும். முதல் பக்கம் அழகாகத் திறக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பணம் வந்து பில் விழுந்தால்தான் கடை.

நகல் எடுத்த நேரத்திற்கும் புதிய தளம் திறக்கும் நேரத்திற்கும் இடையே பழைய தளத்தில் ஆர்டர் விழுந்தால் அது புதியதில் இராது. இரண்டு பேரேட்டில் ஒரே நாள் கணக்கை எழுதிய கதையாகிவிடும். எனவே அந்தச் சில மணி நேரம் ஆர்டர் வாங்குவதை நிறுத்தி, "பராமரிப்பு நடைபெறுகிறது" என்று பலகை போட்டுவிடுவதே மேல். டொமைன் முகவரி மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஓரிரு நாள்கூட ஆகலாம். ஆகவே பழைய சர்வரை உடனே ரத்து செய்யாமல் ஒரு மாதமாவது வைத்திருங்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்திய ஒரு மாதத்தில் இந்த வேலையில் கை வைக்கவே வேண்டாம்.

சாவி யார் கையில்?

கடைசியாக ஒன்று. கடைப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருக்க நாம் விடுவோமா? ஆனால் டொமைன் பெயர் தளம் செய்தவர் பெயரில், சர்வர் கடவுச்சொல் அவர் நினைவில், இணைப்புகளின் உரிமம் அவர் மின்னஞ்சலில் என்று பல இடங்களில் இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் தளத்தை மாற்றவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. பொய்யோ மெய்யோ, நாம் நல்லவர் கெட்டவர் பேச்சுக்கே போகவில்லை. கணக்கு நம் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான் வணிக ஒழுங்கு.

ஆகவே ஒரு சாதாரணக் குறிப்பேடு வாங்கி, டொமைன் யார் பெயரில், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், சர்வர் எங்கே, எந்தப் பதிப்புகள், எந்தெந்த இணைப்புகள், அவற்றின் உரிமம் முடியும் நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை புதுக் கணக்கு போடும் நாளன்று அந்தப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். தராசுக்கு முத்திரை போடும் தேதியை மறக்காத நம் வணிகர்களுக்கு இது ஒரு பெரிய காரியமல்ல.