கண்காட்சிக்குப் போகும் மரப்பொருளும் செய்தவரின் உரிமையும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நீளும் புறநகர்ப் பகுதியில், மரத்தால் கையால் செய்த பொருள்களுக்குச் சந்தை பல வடிவங்களில் அமைகிறது. பாடலாத்ரி நரசிம்மர் கோயில் போன்ற தலங்களின் திருவிழாக் கடைகளும், அடுக்குமாடி வளாகங்களிலும் மண்டபங்களிலும் அமைப்பாளர்கள் வாடகைக்கு விடும் ஸ்டால்களும், சற்றுத் தொலைவில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா போன்ற நிறுவனங்கள் நடத்தும் கைவினைச் சந்தைகளும் அவற்றுள் அடங்கும். நடைவண்டி, செப்புச் சாமான், மரப்பாச்சி, பல்லாங்குழி, மணை ஆகியவற்றைத் தம் பட்டறையில் கடைந்து எடுத்துவரும் ஒருவரும், அதே போன்ற பொருளை மொத்தமாக வாங்கி வந்து விற்கும் வணிகரும் அங்கே அடுத்தடுத்த மேசைகளில் நிற்கிறார்கள். சட்டம் கைவினைஞருக்குத் தனிச் சலுகைகள் பலவற்றை அளித்திருக்கிறது. ஆயினும் தாம் கைவினைஞர் என்பதை ஆவணத்தால் காட்ட இயன்றவருக்கே அவை கிடைக்கின்றன என்பது பலருக்கும் தெரியாமல் இருப்பதுதான் இத்தொழிலின் பெரிய ஆபத்து.

இதற்கு மிகத் தெளிவான சான்று பொம்மைகள் பற்றிய விதி. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான எந்தப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாது. ‘பொம்மை’ என்னும் சொல்லுக்குள் மரத்தால் செய்த கிலுகிலுப்பையும் நடைவண்டியும் அடங்கும். முத்திரை பெறுவதற்குரிய உரிமமும் ஆய்வுக்கூடச் சோதனையும் ஒற்றைக் கடைசல் இயந்திரத்தோடு வேலை செய்பவரின் சக்திக்கு அப்பாற்பட்டவை என்பதால், 2020 டிசம்பரில் வெளியான திருத்தம் இரு பிரிவினருக்கு விலக்களித்தது: கைவினைத் துறை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து தாமே விற்கும் பொம்மைகள் ஒன்று, புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அக்குறியீட்டின் பதிவு உரிமையாளரோ பதிவு பெற்ற பயன்பாட்டாளரோ செய்து விற்பது மற்றொன்று. எனவே எவ்வளவு தேர்ந்த கையால் செய்யப்பட்டதாயினும், பதிவில்லாதவர் மேசையில் இருக்கும் செப்புச் சாமான் சட்டத்தின் பார்வையில் முத்திரையற்ற பொம்மையே ஆகும். முதல் குற்றத்துக்கு ஈராண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ விதிக்க 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் இடமளித்த நிலையில், ஒரு பருவத்தின் மொத்த வருமானத்தையும் விஞ்சும் இந்த இழப்பைத் தவிர்க்கும் எளிய வழி ஓர் அட்டையே. மத்திய ஜவுளி அமைச்சகம் ஆதாருடன் இணைத்து வழங்கும் ‘பெஹ்சான்’ என்னும் கைவினைஞர் அடையாள அட்டையே அது. அதற்கான மண்டல அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது. ஒருவர் செய்ததை மற்றொருவர் வாங்கி விற்றால் இவ்விலக்கு அவரைக் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. விலக்கின் சொற்கள் செய்வதையும் விற்பதையும் ஒருவர்மேலேயே வைக்கின்றன.

மரம் எங்கிருந்து வந்தது என்பதும் அதே அளவு முக்கியமானது. கொலுவில் வைக்கப்படும் மரப்பாச்சி மரபாகச் செம்மரத்தில் செதுக்கப்பட்டது. இன்று செம்மரமோ, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. ஈட்டியும் அதன் இனமான மற்ற மரங்களும் 2017 ஜனவரியில் அதே இணைப்பில் சேர்க்கப்பட்டதால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பார்சல் அனுப்புவோர் எடை வரம்பையும் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். உள்ளூரில் வாங்கினாலும் மரக்கடை பில்லையும், தேவைப்படும் மரவகைக்கு வனத்துறைப் போக்குவரத்து அனுமதியின் படியையும் பாதுகாத்து வைப்பது நல்லது. மாவிலும் வாகையிலும் செய்த பொருளைச் செம்மரம் என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகவும், சொல்பவர் தம்மேல் வீண் ஐயத்தை வருவித்துக்கொள்வதாகவும் முடியும்.

சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. பதிவில்லாதவர் வாடிக்கையாளரிடம் வரி என்ற பெயரில் எதையும் வாங்கக் கூடாது. புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ சரக்கை எடுத்துச் செல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது: அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு மாநில எல்லை தாண்டினாலும் 20 லட்சம் ரூபாய் வரை பதிவு விலக்கு உண்டு, ஆனால் அதற்கு நிரந்தரக் கணக்கு எண் வேண்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாயினும் இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டும் வேண்டும். 50,000 ரூபாய்க்குக் குறைந்த சரக்குக்குச் சீட்டு வேண்டாம் என்னும் பொதுவான எண்ணம் இங்கே பொருந்தாது.

அடுத்து, பணம் உண்மையில் தொலைந்துபோகும் இடம். ஸ்டாலுக்கு அட்வான்ஸ் வாங்கிய அமைப்பாளர் கண்காட்சியை ரத்து செய்வதும், சொன்ன இடத்தை மாற்றுவதும் புதிதல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. மீறியவர் அதனால் இயல்பாக விளைந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்கிறது. எனினும் நிரூபிக்கும் சுமை கேட்பவருடையது என்பதால், தேதி, இடம், ஸ்டாலின் அளவு, ரத்தானால் திருப்பித் தரும் தொகை ஆகியவற்றை வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுத்தில் பெற்றுவிட்டு, பணத்தை ரொக்கமாக அல்லாமல் வங்கி வழியே செலுத்துவதே பாதுகாப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம், உரிய சான்றிதழோடு அளிக்கப்படும் மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்கிறது.

கண்காட்சி முடிந்தபின் மிஞ்சிய சரக்கை ‘விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு’ என்னும் பேச்சில் நகரத்து ஷோரூமில் விட்டுவருவது இன்னும் பெரிய ஆபத்து. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: திருப்பித் தருவதற்குக் குறித்த கெடு கடந்தும், மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கை வைத்திருப்பவர் அதை வாங்கியவராகவே கருதப்படுவார். கெடு எதுவும் குறிக்கப்படவில்லையெனில் ‘நியாயமான காலம்’ எது என்னும் வழக்காக அது மாறிவிடும். எனவே பொருள்களின் பட்டியல், விலை, திருப்பும் நாள் மூன்றும் கொண்ட ஒரு தாளில் கடைக்காரரின் கையொப்பம் பெறாமல் ஒரு மணையைக்கூட விட்டு வரலாகாது. விற்பனை உறுதியானபின் பணம் தராமல் இழுத்தடிப்பவர்மேல், கட்டணமின்றிச் செய்யக்கூடிய உத்யம் என்னும் குறு, சிறு தொழில் பதிவை முன்பே பெற்றிருக்கும் கைவினைஞருக்கு வலிமையான ஆயுதம் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். இதற்கென உள்ள வசதி மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குபவர் முதலில் 75 விழுக்காட்டுத் தொகையைக் கட்டியாக வேண்டும்.

சாலையோரத்தில் கடை போடுவோர்க்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் துணை நிற்கிறது. தாம்பரம் மாநகராட்சி, மறைமலை நகர் நகராட்சி போன்ற நகர்ப்புற உள்ளாட்சிகளில் சரக்கைப் பறிமுதல் செய்யும் அலுவலர் அதற்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும்; அழுகாத பொருளை, உரிமை கோரிய இரண்டு வேலைநாள்களுக்குள் விடுவிக்க வேண்டும். ஊராட்சிப் பகுதித் திருவிழாக்களில் ஊராட்சியிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முன்னரே பெற்ற எழுத்து அனுமதியே அரண்.

புதிய வடிவமைப்பு ஒன்றை உருவாக்கியவர் அதை முதலில் மேசையில் வைத்துவிட்டுப் பிறகு பதிவைப் பற்றி நினைப்பது பெருந்தவறு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், முன்பே வெளியுலகம் கண்டுவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய மறுக்கிறது. அரசு அறிவிக்கை பெற்ற கண்காட்சிகளுக்கு மட்டுமே, முன்னறிவிப்போடு ஆறு மாத அவகாசம் உண்டு.

பழுதான பொருளுக்கு வாங்கியவர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்பதைக் கைவினைஞரும் நினைவில் கொண்டு, பில் தந்து பழுதானதை மாற்றிக் கொடுப்பது அவருக்கே காப்பாகும். கைவினைஞர் தாமே வழக்காட நேரும்போது செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்து தரும், 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி கிடைக்கும். வழக்கு தொடுப்பதற்கு முன்னரே லோக் அதாலத்தில் சமரசமாக முடியும் அட்வான்ஸ் தகராறுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே பிறப்பிக்கப்படும் தீர்ப்பை உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றிக்கொள்ளலாம்.