நூறில் ஒரு பங்கு ஏவுதளம்

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அருகிலுள்ள சூளூர்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பள்ளிக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் ராக்கெட் செய்து அலுத்துவிட்டதாம். இந்த முறை ஏவுதளத்தையே செய்யலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்களாம். ‘மேஜை மேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் சின்னச் சின்னக் கட்டடங்களை அசல் போலவே செய்கிறார்களே, அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்லக் கூடாதா?’ என்று கேட்கிறார்.

மாதிரி உருவங்களுக்கு அந்த வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தின நாள் இஸ்ரோ அறிவியலாளர்கள் அதன் சிறிய மாதிரியை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போனார்கள். அன்றைய தலைவர் சோமநாத் சூளூர்பேட்டை செங்காளம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு வந்தார். இத்தனை மரியாதையும் விண்கலத்துக்கும் ராக்கெட்டுக்கும்தான். அவற்றை நிமிர்த்தி நிறுத்திய கட்டடத்தை யாரும் மாதிரி செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதனாலேயே இந்தக் கடிதம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாதிரிக் கட்டடக் கலையை வளர்த்ததில் நிஜப் போருக்கும் பங்கு உண்டு. பிரான்ஸில் பதினான்காம் லூயி காலத்தில், 1668 முதல், கோட்டை நகரங்களை 600-க்கு ஒன்று என்ற அளவில் மரம், காகிதம், பட்டு, மணல் கொண்டு செய்து அடுக்கினார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றை இன்றும் பாரிஸில் பார்க்கலாம். 1812-இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ், இடம் மாற்றி வைக்கக்கூடிய நிலத்துண்டுகள் கொண்ட போர் மேஜை ஒன்றைத் தன் மன்னருக்குக் கொடுத்தார். 1913-இல் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது அது வீட்டுத் தரையில் ஆடும் விளையாட்டாகிவிட்டது.

இனி ஸ்ரீஹரிகோட்டா. அங்கே உள்ள இரண்டு ஏவுதளங்களும் அடிப்படையில் வேறு வேறு சிந்தனைகள். 1993-இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் கிளம்பிய முதல் தளத்தில், ராக்கெட்டை ஏவும் இடத்திலேயே அடுக்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. தண்டவாளத்தில் நகரும் பெரிய கோபுரம் ஒன்று வேலை முடியும்வரை அதை அணைத்து நிற்கும், முடிந்ததும் பின்வாங்கிவிடும். 2005-இல் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாம் தளத்தில் ராக்கெட் தனிக் கட்டடத்துக்குள் அடுக்கப்படும். பிறகு பீடத்தோடு தண்டவாளத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் நகர்ந்து ஏவுமிடத்துக்கு வரும். ஒன்றில் கட்டடம் நகர்கிறது, மற்றதில் ராக்கெட் நகர்கிறது. இந்த வித்தியாசத்தைக் காட்டும் மாதிரி, பத்துப் பக்கப் பாடத்தை மிச்சப்படுத்தும்.

அளவுக்கு என் சிபாரிசு 100-க்கு 1. கணக்கு சுலபம்: ஒரு மீட்டர், ஒரு சென்டிமீட்டர். 44 மீட்டர் பி.எஸ்.எல்.வி. 44 செ.மீ. ஆகும். அதன் 2.8 மீட்டர் விட்டம் 28 மி.மீ. ஆகும். 80 மீட்டரைத் தாண்டும் இரண்டாம் தளத்தின் அடுக்கும் கட்டடம் மேஜை மேல் முக்கால் மீட்டருக்கு மேல் நிற்கும். 5 அடி 7 அங்குல மனிதன் 17 மி.மீ. ஆகிவிடுவான். போர் விளையாட்டில் 15 மி.மீ. உருவங்கள் என்று விற்கிறவை ஏறக்குறைய இதே அளவு என்பதால் அவர்களுடைய உத்திகள் அப்படியே கைகொடுக்கும். எடைக் கணக்கு இன்னும் வேடிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒன்றாகும்போது கனஅளவு பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். எரிபொருளோடு 320 டன் உள்ள பி.எஸ்.எல்.வி. வெறும் 320 கிராம்!

சுவருக்குச் சன்போர்டு, மெல்லிய பாகங்களுக்கு மவுண்ட் போர்டு, ஒட்ட ஃபெவிகால். கோபுரத்தின் குறுக்குச் சட்டங்களுக்கு ஈர்க்குச்சியை விடச் சிறந்தது எதுவும் இல்லை. தென்னை விளக்குமாற்றிலிருந்து மெல்லியதாகப் பார்த்து உருவி, நுனியைத் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கனமாக இருக்கும், வெட்டும்போது நசுங்காது. ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் இந்த அளவில் பத்து மீட்டர் வரும், வகுப்பறையே போதாது. போர் விளையாட்டுக்காரர்கள் இங்கே கூசாமல் ஏமாற்றுவார்கள். கட்டடத்துக்கு ஓர் அளவு, இடைவெளிக்கு வேறோர் அளவு என்று வைத்துக்கொள்வார்கள். நீங்களும் தண்டவாளத்தை ஒரு மீட்டராகச் சுருக்கிவிட்டு, சுருக்கியதைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

என்னை நெடுநாளாகக் கட்டிப்போட்டிருக்கும் விஷயம் வண்ணம். அசல் கட்டடத்துக்கு அடித்த அதே பெயிண்டை, அதே டப்பாவிலிருந்து எடுத்து மாதிரிக்கு அடித்தால் அது பொம்மை போலத்தான் இருக்கும். காரணம் காற்று. ரேணிகுண்டாவில் ரயிலிலிருந்து பார்க்கும்போது நீலமாகத் தெரியும் திருமலை, ஏறப் போனால் சிவந்த பாறையும் பச்சை மரமுமாக இருக்கிறது. நடுவிலிருக்கும் காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது. ஏவுதளத்தைப் பொதுமக்கள் பார்ப்பது பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பார்வையாளர் மாடத்திலிருந்து. நம் மேஜை மாதிரியை ஒரு முழ தூரத்திலிருந்து பார்க்கிறோம். இடையில் அத்தனை காற்று இல்லை. ஆகவே அந்தக் காற்றை நாமே வண்ணத்தில் கலக்க வேண்டும். எந்த நிறமானாலும் கொஞ்சம் வெள்ளை சேருங்கள். சுத்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம். அடர்ந்த சாம்பல் போதும்.

நிழலிலும் இதே சிக்கல். அசல் கோபுரத்தின் மேல் வெயில் விழுந்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் கீழே கறுத்த கோடு விழும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டர் சட்டத்துக்கு அப்படி நிழல் விழாது. அதையும் வரைய வேண்டியதுதான். அக்ரிலிக் பழுப்பில் கொஞ்சம் கறுப்புச் சேர்த்து, தண்ணீராக ஓடும்படி கரைத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். அந்தச் சொட்டு நீரின் மேற்பரப்பு இழுவிசையைத் தளர்த்துவதால், சாயம் குமிழாக நிற்காமல் மூலைமுடுக்கெல்லாம் தானே ஊர்ந்து புகுந்துகொள்ளும். நன்றாகக் காயட்டும். பிறகு பழைய தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு, காகிதத்தில் துடைத்துத் துடைத்து, இனி வண்ணமே இல்லை என்று தோன்றும்போது சட்டங்களின் மேல் லேசாக வருடுங்கள். விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கொள்ளும். ஈர்க்குச்சி இரும்பாகிவிடும். வண்ணத்தைத் தடிமனாகப் பூசாதீர்கள். மேஜையில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பூச்சு, அசல் அளவில் ஒரு சென்டிமீட்டர் காரை பூசியதற்குச் சமம். பளபளக்கும் எனாமலும் ஆகாது. கடைசியில் மேட் வார்னிஷ் ஒரு கை போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிகளில் நான் பார்க்கும் மாதிரிகளில் பெரும்பகுதி தெர்மாகோலில், அதுவும் காசு கொடுத்துச் செய்வித்தவை. ஸ்ப்ரே பெயிண்ட் பட்டு ஓரங்கள் உருகியிருக்கும். அந்தப் பெயிண்டில் உள்ள கரைப்பானுக்குத் தெர்மாகோல் தாங்காது. ஜிகினா ஒட்டியிருக்கும். அளவு மட்டும் எங்கும் எழுதியிருக்காது. ராக்கெட்டை விட உயரமான பொம்மை மனிதன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். விழா முடிந்த மறுநாள் எல்லாம் குப்பைக்குப் போகும். தெர்மாகோலோ மண்ணில் மக்காமல் அப்படியே கிடக்கும். பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? பணம் கொடுத்தால் அறிவியல் வீட்டுக்கே வந்துவிடும் என்பதுதான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கோணலாக வெட்டிய சுவர் கோணலாகவே இருக்கட்டும். அதை வெட்டுவதற்கு முன் அவள் ஸ்கேல் வைத்து அளந்தாளா, இஸ்ரோ வெளியிட்ட படங்களைப் பார்த்து விகிதம் கணக்கிட்டாளா என்று மட்டும் பாருங்கள். வெல்டிங் செய்தவர்கள், அஸ்திவாரம் போட்டவர்கள், தண்டவாளம் பதித்தவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் வேலை செய்த பிறகே ராக்கெட் நிமிர்ந்து நிற்கிறது என்பது அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டும்போது அவளுக்கே புரியும்.

பரிசு தரும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேஜைக்கு முன்னால் வந்ததும் விளக்கு எரிகிறதா, புகை வருகிறதா என்று கேட்காதீர்கள். ‘எத்தனைக்கு ஒன்று?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மேஜைக்குப் போய்விடலாம்.