எல்லைப்புறத் தமிழும் உடல்நீர்ச் சொற்களும்

ஒரு சொல்லின் பொருளை அறிதல் வேறு. அதன் ஆட்சியை அறிதல் வேறு. அயலான மொழியைக் கற்போர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே எதிர்பார்க்கின்றனர். இனமொழியைக் கற்போருக்கோ 'தெரிந்த சொல்' என்னும் துணிவே தடையாகின்றது. உடல்நீர்களைக் குறிக்கும் தமிழ், மலையாளச் சொற்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள வடகரப்பதி, கோவை மாவட்டத்தை ஒட்டிய ஊராட்சியாகும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இங்கு மிகுதியாக வாழ்கின்றனர். முன்பு கொச்சி அரசைச் சார்ந்திருந்த சித்தூர்ப் பகுதி 1956 இல் கேரள மாநிலத்தில் இடம்பெற்றது. 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத வழிசெய்தது. ஆயினும், மருத்துவமனை உரையாடலைச் சட்டத்தால் மட்டும் நெறிப்படுத்த இயலாது. அங்குச் சொல்லின் ஆட்சியே பயன்படும்.

கண்ணீர், வியர்வை ஆகியவற்றில் இடர்ப்பாடு இல்லை. கண்ணுநீர், வியர்ப்பு என்னும் மலையாள வடிவங்கள் எளிதில் விளங்கும். 'சளி' அத்தகையதன்று. தமிழில் மூக்கிலும் நெஞ்சிலும் கட்டுவது சளி. மலையாளத்தில் சளி, செளி என்பன சேற்றைக் குறிக்கும். நெஞ்சுச்சளிக்கு அங்குக் 'கபம்' என்பதே வழக்கு. தமிழருக்கும் கபம் புதிய சொல்லன்று. ஆயின் வாத, பித்தங்களோடு எண்ணப்படும் மருத்துவக் கலைச்சொல்லாகவே அது பெரிதும் அறியப்படுகின்றது.

'எச்சில்' மற்றொரு சிக்கல். எஞ்சு என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், தமிழில் உண்டு எஞ்சியதையும் வாயில் ஊறும் நீரையும் ஒருங்கே சுட்டும். மலையாளத்தில் முன்னைய பொருளே முதன்மையானது. வாய்நீருக்கு உமிநீர், துப்பல் என்பன வழங்கும். காசநோய் ஆய்வுக்கு நுரையீரலிலிருந்து இருமி வெளிக்கொணர்ந்த சளியே வேண்டும். வெறும் எச்சில் போதாது. எனவே, 'கபம்' என்று கேட்கப்பட்டதை நோயாளி எச்சில் எனப் பொருள்கொண்டு உமிழ்நீரை அளிப்பின் ஆய்வு முடிவே பிழைபடக்கூடும்.

'சலம்' என்பதன் நிலை இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் அது சீழ்; ஈழத்தமிழில் சிறுநீர்; தமிழகத்து ஏட்டு வழக்கில் நீர். 'சலம் வருகிறது' என்னும் தொடரைக் கேட்போர் மூவர் மூன்று நோய்களை எண்ணலாம். நீர் என்று கொள்பவர் நோயையே எண்ணாமலும் போகலாம்.

இந்நிலை திராவிட மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டில் 'கான்ஸ்திபாதோ' என்பார் சளி பிடித்தவர். ஒலியொத்த ஆங்கிலச் சொல்லோ மலச்சிக்கல் உற்றவரைக் குறிக்கும். இத்தகைய சொற்களுக்குப் 'போலி நண்பர்கள்' என்னும் பெயர் 1928 இல் வெளிவந்த பிரெஞ்சு நூலொன்றால் பரவியது.

உடல்நீர்ச் சொற்களில் இப்போலிமை மிகுதற்குக் காரணம் உண்டு. அருவருப்பும் நாணமும் கருதி மக்கள் இவற்றை நேரே சொல்லத் தயங்கி, பொதுச்சொல்லாலோ வடசொல்லாலோ மறைத்துக் கூறுவர். அம்மறைப்பு வட்டாரந்தோறும் வேறுபடுகின்றது. ஆகவே, இருமொழி அகராதியில் இணைச்சொல் தருவது மட்டும் போதாது. எவ்வுறுப்பிலிருந்து வருவது, எவ்வட்டாரத்தில் வழங்குவது, யார் முன்னிலையில் சொல்லத்தகுவது என்னும் மூன்றும் பதிவிலேயே இடம்பெறல் வேண்டும். எல்லைப்புற மருத்துவமனைக்கான மொழிபெயர்ப்பில் 'நெஞ்சிலிருந்து இருமித் துப்பும் சளி' என விரித்து எழுதுவதே, சுருங்கிய ஒரு சொல்லினும் செப்பமான பெயர்ப்பு எனலாம்.