பிழை பிடிக்க என்ன கூலி?

கொழுந்து நிறுத்து முடிந்த ஒரு மாலை. பழைய மாணவன் ஒருவனின் தாய் என்னைத் தேடி வந்தார். "சேர், மகனுக்குச் சிங்கப்பூர் வேலையாம். மாசச் சம்பளம் இல்லையாம். ஒரு பிழை பிடிச்சா இத்தனை டொலராம். விசிட் விசாவுல வந்தாப் போதும்னு ஏஜென்ட் சொல்றாரு. அனுப்பலாமா?"

பிழை பிடிக்கக் கூலியா என்று வியக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். அதை இயக்கும் மென்பொருள் நம் கைக்கு வருமுன், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, வேண்டுமென்றே தப்பான எண்ணையும் கொடுத்து, எங்கே சறுக்குகிறது என்று எழுதித்தர ஆள் வேண்டும். அவரே சோதனையாளர். சிலர் நிறுவன ஊழியர்; சிலர் வேலைக்கு வேலை அழைக்கப்படும் வெளியார்.

வெளியாருக்கு மணிக்கணக்கிலும் கூலி உண்டு, பிழைக்கணக்கிலும் உண்டு. பிழைக்கணக்கு எப்படியிருக்கும்? சிங்கப்பூர்த் தற்காப்பு அமைச்சு 2018 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தன் இணையத்தளங்களின் பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிக்க வெளியாரை அழைத்தது. வந்தவர்கள் 264 பேர். அவர்களில் 34 பேர் 97 குறைகளை எழுதிக்கொடுத்தனர். ஏற்கப்பட்டவை 35. மொத்தப் பரிசு 14,750 அமெரிக்க டொலர். இது சம்பளமல்ல, பரிசு என்று தெரிந்தே அவர்கள் வந்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால், இதையே பிழைப்பாக நம்பினால் அடுப்பு எரியுமா?

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொன்ன கிலோ வராத நாளில் அரைப்பேர் விழுந்த கதை நமக்குத் தெரியும். ஆயினும் அங்கே கொழுந்தை நிறுக்கத் தராசு உண்டு. இங்கே 'இது பிழையே அல்ல' என்றோ, 'வேறொருவர் முந்திச் சொல்லிவிட்டார்' என்றோ தள்ளிவிட்டால், இரவெல்லாம் விழித்ததற்கும் காசில்லை.

சிங்கப்பூர்ச் சட்டம் இருவகையாரையும் பிரித்தே பார்க்கிறது. ஊழியராகச் சேர்ந்தவருக்கு, வெளிநாட்டவரானாலும், வேலைவாய்ப்புச் சட்டம் துணை நிற்கும். சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும்; விவரச் சீட்டும் தரவேண்டும். வெளியாருக்கு அச்சட்டம் இல்லை. அவருக்குக் கையிலுள்ள ஒப்பந்தமே சட்டம். என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்நாளில் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளும்படி அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கமும் சேர்ந்து 2018இல் ஒரு நெறிமுறை வெளியிட்டன. அது கட்டாயமல்ல. கூலி தராவிட்டால் சிறுகோரிக்கை மன்றம் உண்டு. 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் இசைந்தால் 30,000 வரை, 2 ஆண்டுகளுக்குள் வழக்காடலாம். வக்கீல் வேண்டியதில்லை, ஆனால் எழுத்து வேண்டும்.

இனி விசா. ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூடுகிற நம்மவரைப் பாருங்கள். கட்டடத்தில் உழைப்பவரும் கப்பல் பட்டறையில் உழைப்பவரும் வேலை அனுமதி பெற்று வந்தவர்கள். கணினி வேலைக்கும் அது வேண்டும். பார்வையாளராகப் போய், சுயதொழில் என்ற பெயரில் செய்தாலும் குற்றமே. 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். மாட்டிக்கொள்பவன் பையன்; ஏஜென்ட் அல்ல.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப வேணாமா, சேர்?" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில், பொறுமையும் கூர்மையும் உள்ள பிள்ளைக்கு ஏற்றது. மணிக்கு எவ்வளவு, தள்ளப்பட்ட பிழைக்கு என்ன, எந்நாளில் பணம், வேலை அனுமதி யார் எடுப்பது என்று நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பையன் அவற்றை ஏஜென்டுக்கு அனுப்பினான்.

பதில் இன்னும் வரவில்லை. வராததும் ஒரு பதில்தானே?