பல் எடுத்தபின் குழியைக் காக்கும் இரத்தக் கட்டி

பல்லைப் பிடுங்கியவுடன் தாடை எலும்பில் ஒரு குழி எஞ்சுகிறது. அதில் ஊறும் இரத்தம் சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகிறது. கருஞ்சிவப்பான இக்கட்டியைக் கண்டு அருவருத்து, கொப்பளித்தோ நாவினால் துழாவியோ அகற்றிவிடுவோர் பலர். உண்மையில், எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கும் இயற்கைக் கட்டு அதுவேயாகும். அதன் வழியாகவே புதுத் திசு வளர்ந்து குழியை நிரப்புகிறது.

எனவே, மருத்துவர் வைத்த பஞ்சுத் துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அசைக்காமல் கடித்திருத்தல் வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் வாய் கொப்பளித்தல், காறி உமிழ்தல், குழல் வைத்து உறிஞ்சுதல், சூடான காப்பி, தேநீர் ஆகிய யாவும் விலக்கத்தக்கன. உமிழ்நீர் சிவந்திருப்பது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சில துளி இரத்தமே அதனுடன் கலந்து மிகுதிபோலத் தோன்றும். வாய் நிறையக் குருதி பெருகுமாயின், சுத்தமான துணியைத் திரட்டிக் குழியின்மேல் வைத்து மீண்டும் அரை மணி அழுத்திக் கடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிடில் மருத்துவமனைக்குச் செல்லுதலே தக்கது.

கட்டி கலைந்து எலும்பு வெளிப்படும் நிலையை ‘உலர்ந்த குழி’ என்பர். 1896-ஆம் ஆண்டிலேயே இது மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்டது. தணிந்துவந்த வலி, பல் எடுத்த இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மீண்டும் மூண்டு காதுவரை பரவும், வாயும் நாறும். கீழ்க் கடைவாய்ப் பற்களை எடுத்தவர்க்கும் பீடி, சிகரெட்டுப் புகைப்போர்க்கும் இது மிகுதி. வலி தணியுமென்று புகையிலையைக் குழியில் அடக்கும் வழக்கமோ புண்ணையே கெடுத்துவிடும். மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்டால் வலி விரைவில் அடங்கும்.

மறுநாள் முதல், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப்பின் மெதுவாகக் கொப்பளிக்கலாம். கஞ்சி, தயிர்ச்சோறு போன்ற மெல்லிய உணவே ஏற்றது. ஆஸ்பிரின் மாத்திரை இரத்தம் உறைவதைக் குறைக்கும். ஆதலின் வலிக்கென்று தாமாக அதை விழுங்கலாகாது. ஆனால் இருதய நோய்க்காக அதை உட்கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் ஆபத்தே. ஊசியினால் மரத்த உதட்டைச் சிறுவர் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு. ஆசிரியர்கள் இதனைக் கவனித்தல் நலம்.

மேல்தாடைப் பல்லை எடுத்தால் கண் பார்வை குன்றும் என்ற அச்சம் நாட்டில் பரவலாக உள்ளது. பல்லின் உணர்ச்சி நரம்பு மூளையின் ஐந்தாம் நரம்பின் கிளை. பார்வை நரம்போ இரண்டாவது. இரண்டும் வேறு வேறு. இவ்வச்சத்தால் சொத்தைப் பல்லை வைத்திருந்து, சீழ் பரவியபின் வருவோரே இடருக்குள்ளாகின்றனர்.

கன்ன வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்து பின் வடிவது இயல்பு. அதன்பின்னும் வீக்கம் பெருகிக் காய்ச்சல் கண்டாலும், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ இயலாது போனாலும், விடியட்டும் என்று காத்திராமல் நோயாளியை உடனே மருத்துவமனையில் சேர்ப்பித்தல் வேண்டும்.